முள் இல்லாத தொட்டி

ஹெரால்டின் டிக்கியைத் திறந்தால்
இடப்பக்கம் அதன் சொந்தத் தொட்டி.
வலப்பக்கம் அறுபது வருடமாக ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததைத்தான்
தையல்காரன் நாடாவால் அளந்துகொண்டிருந்தான்
டானிங்டன் ஒர்க்‌ஷாப்பில் ரெஜினால்டு.

"இருபத்திரண்டு லிட்டர் பிடிக்கும். ஆனா எதுக்கு மேடம்?
வழி முழுக்க பங்க் இருக்கே இப்பல்லாம்."

இருக்கிறது.
கோத்தகிரியில் பங்க் இருக்கிறது,
பங்க்கில் போஜன் இருக்கிறான்.
குழாயைச் சொருகிக்கொண்டே கேட்பான்:
எங்கே கிளம்பிட்டீங்க?
சார் வரலையா?
எப்போ திரும்புவீங்க?
கெட்டவன் இல்லை.
அடுத்து வந்து நிற்கும் என் கொழுந்தனாரிடம்
மீதிச் சில்லறையோடு சேர்த்து
என்னையும் எண்ணிக் கொடுத்துவிடுவான், அவ்வளவுதான்.

தேயிலை ஆபீசில்
இலை எடை எழுதும் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில்
பென்சிலால் போட்டுப் பார்த்தேன்.
ஐம்பத்திரண்டு லிட்டர், லிட்டருக்குப் பன்னிரண்டு.
அறுநூற்று இருபத்து நான்கு கிலோமீட்டர்
யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

ரெஜினால்டு தகரத்தை மடித்தான், பற்றவைத்தான்.
உள்ளே ஓட்டை போட்ட இரண்டு தடுப்பு.
இல்லாவிட்டால் கொண்டை ஊசியில்
வண்டி திரும்பி முடித்த பிறகுதான் பெட்ரோல் திரும்புமாம்.
நானும் அப்படித்தான்.
எல்லாரும் பேசி முடித்து, காப்பி குடித்து, எழுந்து போன பிறகு
எனக்குள் ஒன்று தளும்பி வந்து சுவரில் மோதும்.

மூச்சுக்குழாய் ஒன்றும் வைத்தான்.
அது ஏன் என்று நான் கேட்கவில்லை.
மேலே இறுக மூடிய தண்ணீர் பாட்டில்
மேட்டுப்பாளையம் போய்ச் சேரும்போது
கன்னம் ஒட்டிக் கிடப்பதைப் பார்த்தவள்.

"விளிம்பு வரைக்கும் ஊத்தாதீங்க.
இங்கத்த குளிர்ல அடங்கிக் கிடக்கும், கீழே போனா பொங்கும்.
அப்புறம், முள்ளு ஒண்ணுதான்.
அது பழைய தொட்டியை மட்டும்தான் சொல்லும்.
புதுசுல எவ்வளவு இருக்குன்னு
பலாப்பழம் மாதிரி தட்டித்தான் பார்க்கணும்."

ஒன்றை மட்டும் நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை.
இரண்டு தொட்டி நிரம்ப நேரம் அதிகம்.
போஜனுக்குக் கேள்வியும் அதிகம்.
"இன்னொரு தொட்டியா! அப்படி எவ்வளவு தூரம்?"
தூரம்தான், என்றேன்.

குஞ்சப்பனையில் இன்னும் விடியவில்லை.
திம்பம் ஏறும்போது லாரிகளின் பின்னால் ஊர்ந்தேன்.
மைசூரில் பங்க்குகள் கை காட்டின; நிற்கவில்லை.
திப்டூருக்கு முன்னால், தென்னைகளுக்கு நடுவில்
எஞ்சின் இருமியது.
முள் படுத்துவிட்டது.

குனிந்து இருக்கைக்கு அடியில் கைவிட்டு
பித்தளைத் திருகைத் திருப்பினேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
வண்டி சும்மா உருண்டது, டயர் சத்தம் மட்டும்.
உரிமட்டைக் குவியல் ஒன்று போனது.
ஓர் ஆடு போனது.
மைல்கல்லில் எழுதியிருந்த ஊர் எனக்குத் தெரியாத ஊர்,
அந்த ஊருக்கும் என்னைத் தெரியாது.
பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு,
பற்றிக்கொண்டது.

ஹுளியாரில் காற்றடிக்க நிறுத்தினேன்.
பெட்ரோல் வேண்டாம் என்றதும்
பங்க் பையனின் முகம் சுருங்கிவிட்டது.
வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கேட்டான்:
எல்லிந்த பந்த்ரி?

எங்கள் படுக பேச்சுக்கு அது ஒன்றுவிட்ட தங்கை முறை.
எங்கே என்று கேட்கவில்லை அவன்.
எங்கிருந்து.

முந்நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டராக வாய் திறக்காதவள்
சொல்ல ஆரம்பித்தேன்.
கோத்தகிரி, தேயிலை, இலையின் எடை,
வீட்டுக்காரருக்கு வளைவில் வாந்தி வரும், அதனால் வரவில்லை,
துங்கபத்திரையைப் பார்க்க வேண்டும், வேறு காரணமில்லை,
போஜன் என்று ஒருவன் இருக்கிறான்.
டிக்கியையும் திறந்து காட்டினேன்.

அவன் விரல் மடக்கி வலப்பக்கத்தைத் தட்டினான்.
காதை வைத்துக் கேட்டான்.
"அரை," என்றான்.

நானும் ஒரு முறை தட்டினேன்.
இல்லை தம்பி, அதற்கும் மேலே.